என் வலது கண்ணுக்காக நான் சொன்ன பொய்

எங்கள் தூள் சலிப்பு அறையில் வேலை செய்கிறவன் மூக்கைச் சீந்தினால் கறுப்பாகத்தான் வரும். வெள்ளையாக வந்தால், பக்கத்தில் நிற்கிறவன் "என்னா, இன்னிக்கு வேலைக்கு வரலியா?" என்று கேலி பண்ணுவான். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். மலையகத்தில் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்து ஸ்டோரில், காய்ந்த தூளைச் சலித்துத் தரம் பிரிக்கிற மெஷின்களோடு இருபத்திரண்டு வருஷமாக நிற்கிறவன் நான். முகத்தில் கட்டிக்கொள்ளத் துணி கொடுப்பார்கள். கட்டினால் மூச்சு முட்டும் என்று கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொள்வோம். தூசி மூக்கிலும் காதிலும் கண் இமையிலும் படிந்து கிடக்கும். வீட்டில் நான் மூக்குத் துடைக்கிற லேஞ்சிகளைத் துவைக்கிற புஷ்பராணி, அவள் என் மனைவி, அந்தக் கறுப்பைப் பார்த்து ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என் மூக்கிலிருந்து வந்த கறுப்பு தேயிலைத் தூசி இல்லை, செத்துப்போன என் சொந்தச் சதை என்று தெரிந்துகொள்ள எனக்குப் பதினொரு நாள் பிடித்தது. சீனி வருத்தம் என்கிற நீரிழிவு உள்ளவர்கள், அதைச் சட்டை பண்ணாதவர்கள், என்னைப் போல வாயடிக்கிறவர்கள் இதை வாசிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. அது கடைசியில் வரும்.

எனக்குச் சீனி வருத்தம் வந்து ஆறு வருஷம். கிளினிக் கொப்பி இருந்தது, மாத்திரை இருந்தது. மாத்திரையை நினைத்தால் போடுவேன். ஸ்டோரில் பத்து மணிக்குத் தேத்தண்ணி வரும்போது, உள்ளங்கையில் சீனியைக் கொட்டி ஒரு நக்கு, ஒரு மிடறு என்று குடிப்பது எங்கள் வழக்கம். எனக்கும் ஒரு கை நிறையக் கொட்டுவார்கள். நானும் வாங்கிக்கொள்வேன். புஷ்பம் கேட்டால் "சீனி இல்லாமத்தான் குடிச்சேன்" என்பேன். பொய் சொல்வதில் எனக்கு அப்போதே நல்ல பழக்கம் இருந்திருக்கிறது.

ஸ்டோரில் தூள் காய வைக்கிற அடுப்பு பழுதாகி, திருத்தி முடியும்வரை மூடிவிட்டார்கள். பறித்த கொழுந்தை வேறு தோட்டத்துக்கு லொறியில் அனுப்பினார்கள். நான் வீட்டில் இருந்தேன். இரண்டாம் நாளே சளி பிடித்தது. வலது மூக்கு அடைத்துக்கொண்டது, வலது கன்னமும் மேல் பல்வரிசையும் வலித்தன. தோட்டத்து டிஸ்பென்சரியில் மாத்திரை வாங்கினேன். சீனி எப்படி என்று கேட்டார்கள். நல்லா இருக்கு என்றேன். மூக்கிலிருந்து கறுப்பாக வந்ததைச் சொல்லவே இல்லை, எங்களுக்கு அது ஒரு செய்தியா என்ன? பிறகு வலி தானாகக் குறைந்தது. எனக்குச் சந்தோஷம். ஒரு காலை முகம் வழிக்கும்போது வலது கன்னத்தில் பிளேடு வெட்டி ரத்தம் கழுத்துவரை வழிந்தது. கண்ணாடியில் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. கன்னம் மரத்துப் போயிருந்தது. அதற்கும் பயப்படாமல் பிளேடைத்தான் திட்டினேன்.

பயப்பட்டவள் புஷ்பம். ஒரு ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்ப் பீலியில் துணி துவைத்துக்கொண்டிருந்தவள், சோப்பு நுரை கையோடு வாசலில் வந்து நின்றாள். கையில் என் லேஞ்சி.

"என்னங்க, ஸ்டோரு மூடி எத்தன நாளாச்சு?"

"ஏன், பத்துப் பதினொன்னு இருக்கும்."

"அப்ப இந்தத் தூசி எங்கேருந்து வருது?"

அவள் என்னை வெளிச்சத்தில் உட்காரவைத்து, வாயைத் திறக்கச் சொல்லி, போனில் இருக்கிற லைட்டை அடித்தாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த முகம் மாறியதைப் பார்த்ததும்தான் எனக்குள் ஏதோ விழுந்தது. மேல் அண்ணத்தில் வலது பக்கம், ஒரு ரூபாய்க் குற்றி அளவுக்குக் கரிபிடித்த மாதிரி இருக்கிறது என்றாள். நாக்கால் தொட்டுப் பார்த்தேன். நாக்குக்குத் தெரிந்தது, அண்ணத்துக்குத் தெரியவில்லை. எழுந்து வெளியே வந்தபோது வாசற்படி எனக்கு இரண்டாகத் தெரிந்தது.

பக்கத்து லயத்து வரிசை வீட்டுத் தம்பி ஒருவரின் ஆட்டோவில் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போனோம். விரலில் குத்திச் சீனி பார்த்தார்கள். மெஷின் எண்ணைக் காட்டவில்லை, அதன் அளவுக்கும் மேலே என்று மட்டும் காட்டியது. அங்கே இருந்த இளம் டொக்டர் மூக்குக்குள் பஞ்சுக் குச்சியை விட்டு அந்தக் கறுப்பைத் தொட்டார். "வலிக்குதா?" என்றார். இல்லை என்றேன். "இப்ப?" இல்லை. அதுவரை புஷ்பத்தோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்திவிட்டுப் போன் எடுக்கப் போனார். டொக்டர்மார் பேச்சை நிறுத்துவதைப் போல பயங்கரம் வேறொன்றும் இல்லை. அன்று மத்தியானமே அம்புலன்ஸில் கண்டிக்கு அனுப்பிவிட்டார்கள்.

வழியெல்லாம் வளைவு. கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. புஷ்பம் என் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எங்கள் மகள் நிரோஷா ஹட்டனில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள், அவளுக்குப் போன் பண்ணி "அப்பாவுக்குச் சின்னக் காய்ச்சல்" என்று புஷ்பம் சொல்வது கேட்டது. சொல்லும்போது குரல் நடுங்கவில்லை. ஆனால் போனை வைத்ததும் என் காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கண்டியில் மூக்கு, தொண்டை பார்க்கிற டொக்டர் ஒரு சிங்களப் பெண். தமிழ் தெரியும், மெதுவாகப் பேசுவார். மெல்லிய குழாய்க் கமராவை மூக்குக்குள் விட்டுப் பார்த்தார். உள்ளே இருந்து ஒரு துண்டுச் சதையை நுள்ளி எடுத்து, மைக்ரோஸ்கோப்பில் பார்க்கக் கொடுத்து அனுப்பினார். நாங்கள் ஒரு நீள வாங்கில் உட்கார்ந்திருந்தோம். எதிர்ச் சுவரில் ஒரு மணிக்கூடு. நான் அதைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன், அதுவும் இரண்டாகத்தான் தெரிந்தது. புஷ்பம் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். மாரியம்மனுக்கு என்னவோ நேர்ந்திருக்கிறாள். என்ன என்று இன்றுவரை சொல்லவில்லை.

டொக்டர் வந்து எங்கள் முன்னால் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தார்.

"இது பூஞ்சணம். மண்ணுல, அழுகின இலையில எல்லாம் இருக்கிறதுதான். நீங்களும் மூச்சுல இழுக்கிறீங்க, நானும் இழுக்கிறேன். எங்களுக்கு ஒண்டும் ஆகாது. சீனி இப்படிக் கூடினா உடம்புக்கு அதை எதிர்க்க ஏலாது. அது ரத்தக் குழாய்க்குள்ள போய் அடைச்சிடும். ரத்தம் போகாத சதை செத்து, கறுப்பா மாறும்."

"மாத்திரையில கொறயாதுங்களா?" என்று புஷ்பம் கேட்டாள்.

"செத்த சதைக்குள்ள ரத்தம் போகாது. அப்ப மருந்தும் போகாது. அதனால செத்ததை வெட்டி எடுக்க வேணும். ஊசி மருந்தும் ஏத்த வேணும். சீனியையும் இறக்க வேணும். மூணும் சேர்ந்து நடக்க வேணும், இன்றைக்கே."

முகத்தின் எலும்புகளுக்குள் காற்றறைகள் இருக்கின்றன என்று அன்றுதான் அறிந்தேன். கன்னத்துக்குள் ஒன்று, கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே சில. பூஞ்சணம் அவற்றில் பரவி, காகிதம்போல மெல்லிய ஓர் எலும்பைத் தாண்டி, வலது கண் உட்கார்ந்திருக்கிற குழிக்குள் எட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டது. அந்தக் குழிக்குப் பின்னால் மூளை. அதை டொக்டர் தன் முகத்திலேயே விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். கடைசியில் விரலை நெற்றிக்குள் போகிற மாதிரி வைத்தார். "இங்க போகக் கூடாது" என்றார். போனால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை.

அன்று மாலையே முதல் ஒப்பரேஷன். மூக்கு வழியாகவும் வாய் வழியாகவும் செத்ததையெல்லாம் எடுத்தார்கள், அண்ணத்தில் ஒரு பகுதியும் போனது. அதற்குப் பிறகு அம்போடெரிசின் என்கிற மருந்து. ஆஸ்பத்திரி வார்டை நாங்கள் வாட்டு என்போம், அங்கே எல்லோரும் சுருக்கமாக அம்போ என்பார்கள். மஞ்சள் தண்ணீராகச் சொட்டுச் சொட்டாக மணிக்கணக்கில் ஏறும். ஏறத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் குளிர் பிடிக்கும். நுவரெலியாக் குளிரில் வளர்ந்தவன் நான், அப்படி ஒரு குளிரை அறிந்ததில்லை. கட்டிலே ஆடும். பல் அடித்துக்கொள்ளும். அந்த மருந்து கிட்னியைக் கெடுக்கும் என்று தினமும் ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். ஆண்கள் வாட்டில் பகலில் மட்டும்தான் புஷ்பத்தை இருக்க விட்டார்கள். குளிர் வந்தால் மூன்று போர்வைக்கு மேலே அவளே குறுக்காகச் சாய்ந்து அமுக்கிக்கொள்வாள். சுற்றிவர ஆம்பிளைகள், அவள் யாரையும் பார்க்கவில்லை. மாலையில் மாத்தளை ரோட்டில் இருக்கிற தூரத்துச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய், காலையில் கஞ்சியோடு வந்து நிற்பாள். அண்ணத்தில் ஓட்டை இருந்ததால் கஞ்சி மூக்கு வழியாக வந்துவிடும். முதல் தடவை வந்தபோது நான் வெட்கத்தில் அழுதேன். அவள் துடைத்துவிட்டு, "இன்னொரு வாய்" என்றாள்.

நாலாம் நாள் வலது கண் வீங்கி மூடிக்கொண்டது. இமையைத் தூக்கிப் பார்த்தால் கண் வெளியே தள்ளிக்கொண்டு, சிவந்து, எந்தப் பக்கமும் அசையாமல் நின்றது. கண் டொக்டர் வந்தார். இவரும் பெண்தான், கொஞ்சம் வயதானவர், தன் அம்மா தமிழ் என்று சொன்னார். அவர் சொன்னதை நான் ஒரு சொல்லும் விடாமல் ஞாபகம் வைத்திருக்கிறேன்.

"பார்வை இருக்கிற வரைக்கும் கண்ணைக் காப்பாத்தப் பார்ப்போம். கண்ணுக்குப் பின்னால அதே மருந்தை ஊசியாப் போடுவோம். பார்வை போயிட்டா, கண்ணோட சேர்த்து அந்தக் குழியில இருக்கிறதெல்லாத்தையும் எடுக்கணும். இல்லாட்டி மூளைக்குப் போயிரும். ஒவ்வொரு நாளும் நான் வந்து கேட்பேன். நீங்க உண்மையைச் சொல்லணும்."

அப்போது பார்வை இருந்தது. மங்கல்தான், ஆனால் விரலை எண்ண முடிந்தது. நான் எண்ணினேன், ஊசி போட்டார்கள். கண்ணுக்குப் பின்னால் ஊசி போகிற பயத்தை எழுத எனக்குத் தெரியாது. அதைவிடப் பெரிய பயம் அடுத்த நாள் வந்தது.

பக்கத்துக் கட்டிலில் கம்பளைப் பக்கத்துச் சிங்கள ஐயா ஒருவர் இருந்தார், மாத்தயா என்று கூப்பிடுவேன். பஸ் ஓட்டியவர். அவருக்கும் இதே நோய்தான், நான் வருவதற்கு முன்னமே அவர் கண்ணை எடுத்துவிட்டார்கள். நல்ல மனுஷன், தனக்கு வந்த தோடம்பழத்தில் பாதியை எனக்கு உரித்துத் தருவார். அன்று அவருக்கு மருந்து கட்ட வந்தபோது திரையைச் சரியாக இழுக்கவில்லை. நான் பார்த்துவிட்டேன். இமையும் இல்லை, கண்ணும் இல்லை. முகத்தில் ஒரு குழி, உள்ளே சிவப்பு. மிஸ்ஸி, தாதியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், அந்தக் குழிக்குள் துணியைச் சுருட்டிச் சுருட்டி வைத்தார். மாத்தயா சும்மா உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் திரும்பிப் படுத்துக்கொண்டேன். நான் செத்தாலும் பரவாயில்லை, அப்படி ஆகக் கூடாது என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன், மறைக்க மாட்டேன். தூளின் நிறம் பார்த்துத் தரம் சொல்கிறவன், மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டியவன், கண்ணாடியில் தலை வாரப் பிடித்தவன். இப்படி ஒவ்வொன்றாக நினைத்து நினைத்து நடுங்கினேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் விழித்தபோது, வலது கண்ணில் ஒன்றும் இல்லை. இமையை விரலால் தூக்கினேன். ஜன்னல் பக்கம் திரும்பினேன். இடது கண்ணை மூடினால் கும்மிருட்டு. மங்கல் இல்லை, வெளிச்சம் இல்லை, எதுவுமே இல்லை.

டொக்டர் வருவதற்குள் எனக்கு ஒரு மணித்தியாலம் இருந்தது. அந்த ஒரு மணித்தியாலமும் நான் சாமியைக் கும்பிடவில்லை, எப்படி ஏமாற்றலாம் என்றுதான் யோசித்தேன்.

இடது கண்ணை நானே உள்ளங்கையால் மூடிக்கொள்வதுதான் வழக்கம். அன்று விரல்களைக் கொஞ்சம் விரித்து வைத்தேன். "எத்தனை விரல்?" என்றார். "ரெண்டுங்க." "இப்ப?" "மூணு." டோர்ச் அடித்துப் பார்த்தார். கண் வீங்கி, கறுப்பு முழியே புகை படிந்த மாதிரி இருந்ததால் அவரால் எதையும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றார். "சரி, இன்னும் ஒரு ஊசி போட்டுப் பார்ப்போம்" என்றார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. புதன்கிழமையும் அதையே செய்தேன். இடையில் தலைவலி தொடங்கியிருந்தது. வலது நெற்றிக்குள், மூக்கு டொக்டர் விரல் வைத்துக் காட்டிய அதே இடத்தில். அதையும் சொல்லவில்லை. செத்துக்கொண்டிருக்கிறேன் என்று பயம், உண்மையைச் சொன்னால் குழியாகிவிடும் என்று அதைவிடப் பயம். இரண்டு பயத்துக்கும் நடுவில் வாயை மூடிக்கொண்டு கிடந்தேன்.

வியாழக்கிழமை காலையில் டொக்டர் விரல் காட்டி முடித்து, கொப்பியில் எழுதத் தொடங்கினார். கட்டிலின் கால்மாட்டில் நின்ற புஷ்பம் திடீரென்று பேசினாள்.

"டொக்டர், அவரு வெரல விரிச்சுக்கிட்டுப் பார்க்கிறாருங்க. அந்தக் கண்ணு தெரியலங்க. ரெண்டு நாளா நான் அந்தப் பக்கம் நின்னா திரும்ப மாட்டேங்கிறாரு."

"நீ பேசாம இரு!" என்று கத்தினேன். வாட்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

டொக்டர் அவளைக் கொஞ்சம் வெளியே நிற்கச் சொல்லி, திரையைச் சுற்றிவர இழுத்தார். இடது கண்ணில் தடித்த பஞ்சை வைத்து, பிளாஸ்டர் ஒட்டி, அதற்கு மேலே தன் கையையும் வைத்தார். வலது இமையைத் தூக்கினார்.

"இப்ப வெளிச்சம் தெரியுதா?"

"தெரியுதுங்க."

"எந்தப் பக்கத்திலருந்து?"

"மேலேருந்துங்க, டொக்டர்."

டொக்டர் கையை எடுத்தார். பிறகு பிளாஸ்டரை மெதுவாக உரித்து எடுத்தார். அவருடைய டோர்ச் கோட்டுப் பையில் குத்தியபடி இருந்தது. அதை அவர் எடுக்கவே இல்லை.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் ஏசுவார் என்று நினைத்தேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"எப்பருந்து?"

"செவ்வாக்கிழமையிலேருந்துங்க."

"பயமா?"

"ஆமாங்க."

"எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றார். "இனிமே அது உங்க கண்ணு இல்ல. பூஞ்சணம் உள்ளுக்குப் போற வழி. நாளைக்குக் காலையில எடுத்திரலாம். தலை வலிக்குதா?" ஆமாம் என்றேன். அவர் சட்டென்று எழுந்துவிட்டார். நாளைக்கு என்றவர், அரைமணித்தியாலத்தில் ஸ்கேனுக்கு அனுப்பி, அன்று பின்னேரமே என்று மாற்றிவிட்டார். ஒப்பரேஷன் பேப்பரில் நான் கையெழுத்து வைத்தேன். என் கையெழுத்து எனக்கே அடையாளம் தெரியவில்லை.

தள்ளுவண்டியில் ஏற்றும்போது புஷ்பம் ஓடிவந்தாள். டொக்டர் அவளிடம், எடுக்கத்தான் வேண்டும் என்பதை மட்டும் சொல்லியிருந்தார். டோர்ச் விஷயத்தைச் சொல்லவில்லை. அவள் என் கையைப் பிடித்தாள். அந்த நேரத்தில் நான் என்ன சொல்லியிருக்கலாம்? எத்தனையோ சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இதுதான்.

"வெளிச்சம் தெரிஞ்ச கண்ண எடுக்க வச்சிட்டியே."

அவள் கை விட்டது. "இருட்டாயிருச்சுன்னு நெனச்சேங்க" என்றாள், மிகச் சின்னக் குரலில். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வண்டி போய்விட்டது.

கண்ணை எடுத்தார்கள். தலைக்குள் போவதற்கு முன்னால், ஓரத்தில் பிடித்துவிட்டோம் என்று டொக்டர் சொன்னார். அதற்குப் பிறகும் ஐந்து வாரம் வாட்டில் இருந்தேன். இன்னும் ஒரு தடவை உள்ளே சுத்தம் பண்ணினார்கள். அம்போ ஏறிக்கொண்டே இருந்தது. வீட்டுக்கு வந்த பிறகும் மாதக்கணக்கில் பூஞ்சண மாத்திரை, நாளுக்கு மூன்று தடவை இன்சுலின். ஆஸ்பத்திரியில் வைத்தியத்துக்கு ஒரு சதமும் கேட்கவில்லை. கிடைக்காத மாத்திரையை வெளியே வாங்க வேண்டி வந்தபோது, ஸ்டோர்க்காரர்களும் நிரோஷாவும் பார்த்துக்கொண்டார்கள். கம்பளை மாத்தயா எனக்கு முன்னமே வீட்டுக்குப் போனார். போகும்போது கட்டுப் போட்ட பக்கத்து என் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

வீட்டில் என் குழியைக் கழுவி மருந்து வைப்பது புஷ்பம்தான். மிஸ்ஸியிடம் படித்துக்கொண்டு வந்தாள். ஒருநாளும் கை நடுங்கியதில்லை, அருவருத்ததில்லை. ஆனால் என் முகத்தை நேரே பார்ப்பதை விட்டுவிட்டாள். சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாள், சாப்பிட மாட்டாள். வளையல் முழங்கைவரை ஏறும் அளவுக்கு இளைத்தாள். கொழுந்து பறிக்கப் போய் வந்தால் பேசாமல் படுத்துக்கொள்வாள். அம்மாவுக்கு என்ன என்று நிரோஷா என்னிடம் கேட்டாள். "எனக்குப் பார்த்த களைப்பு" என்றேன். எனக்குத் தெரியும், அது களைப்பு இல்லை. ஒரு சொல் சொன்னால் தீர்ந்துவிடும் என்றும் தெரியும். சொல்லவில்லை. குற்றம் அவள் பக்கம் இருக்கும்வரை, பயந்து பொய் சொன்ன மனுஷனாக நான் அவள் முன்னால் நிற்க வேண்டியதில்லை. இதை எழுதும்போது எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

எட்டு மாதம் கழித்து, போன மாதம், செயற்கைக் கண் அளவெடுக்கக் கண்டிக்குப் போனோம். மூக்குக்கண்ணாடியோடு சேர்த்துச் செய்து தருவார்கள், தோல் நிறத்தில் இமையெல்லாம் இருக்கும். கிளினிக் வாசலில் கூட்டம். எங்கள் நம்பர் வரப்போகிற நேரத்தில் புஷ்பம் "நீங்க மட்டும் போங்க" என்றாள்.

"ஏன்? ஒன்னையும் உள்ள வரச் சொன்னாங்க. நெறம் சரியான்னு நீதானே சொல்லணும்."

"நான் வரலங்க."

"என்னா புஷ்பம்?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நெசக் கண்ண எடுக்கச் சொன்னவ நான். பொய்க் கண்ணு நல்லாருக்கா இல்லியான்னு நானே எப்புடிங்க சொல்றது? தெனம் காலையில அந்தக் குழியக் கழுவும்போது, இதுல வெளிச்சம் இருந்துச்சே, இருந்துச்சேன்னுதான் நெனச்சுக்கிட்டே கழுவுறேன்."

சுற்றிவர ஆட்கள். ஒரு பிள்ளை அழுதுகொண்டிருந்தது.

"வெளிச்சம் இருக்கல" என்றேன்.

அவள் நிமிர்ந்தாள்.

"செவ்வாக்கிழமையே இருண்டு போச்சு. நீ வெளிய நின்னப்ப டொக்டர் டோர்ச்சப் போடாமலே வெளிச்சம் தெரியுதான்னு கேட்டாங்க. நான் தெரியுதுன்னேன். மேலேருந்து வருதுன்னேன். அவங்க கையில ஒன்னுமே இல்ல, புஷ்பம். நீ சொல்லாம இருந்திருந்தா அந்த வாரத்தோட நான் போயிருப்பேன்."

அவள் என்னை நேரே பார்த்தாள். இருக்கிற கண்ணையும் பார்த்தாள், இல்லாத கண்ணையும் பார்த்தாள். எட்டு மாதத்தில் முதல் தடவை.

"எட்டு மாசமா நான் ஒழுங்கா ஒரு வாய்ச் சோறு திங்கல. அது ஒங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்ல வாய் வந்தது. வழக்கமாக வருகிற வாய்தானே.

"தெரியும்" என்றேன்.

அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. துடைக்கவில்லை. என் தோளில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இன்னொரு அடி அடித்தாள். நான் வாங்கிக்கொண்டேன். உள்ளே இருந்து என் பெயரைக் கூப்பிட்டார்கள், இரண்டாம் தடவையும் கூப்பிட்டார்கள்.

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, என் கிளினிக் கொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, எனக்கு முன்னால் அவள் எழுந்து உள்ளே போனாள்.